ஜே. டங்கன், ஸ்காட்லாந்து தேசத்துப் பட்டாளத்தார்

சேசு மரி சூசை துணை

மந்தைவெளி,
கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம்.

மரியாதைக்குரிய அண்ணன் ஷெல்டன் அவர்களுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நான் வாய்மூடி இருந்தது போதும். தாங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். நலமாக இல்லாமல் போவதற்குத் தங்களுக்குக் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் நலம். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்காதவர்களிடம் நான் சொல்வதில்லை. தங்கள் வீடு இங்கிருந்து நடந்து போகும் தூரம்தான் என்றாலும் இதைத் தபாலில் அனுப்புகிறேன். ஏனென்றால் தங்கள் ஆர்.ஏ.புரம் அடுக்ககத்தின் வாசலில் இருக்கும் காவலாளி ஒரு நோட்டை நீட்டி யாரைப் பார்க்க வேண்டும், என்ன உறவு என்று எழுதச் சொல்கிறான். போன முறை உறவு என்ற கட்டத்துக்கு எதிரே நான் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் "கூரியர்" என்று எழுதிவிட்டு மேலே வந்தேன். அண்ணி காபி கொடுத்தார்கள். அதற்கு நன்றி.

இந்தத் "தாங்கள்" இத்துடன் போதும். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ ஒரு படம் போட்டாய். கறுப்பு கிரானைட் கல், தங்க எழுத்து, மேலே இரண்டு வாள்கள் குறுக்கே வைத்த சின்னம், கீழே "கேப்டன் ஜேம்ஸ் டங்கன், ஸ்காட்லாந்து, அவர்தம் வழித்தோன்றல்கள்". ஐவி அக்கா கைதட்டும் பொம்மை போட்டாள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். அந்தக் கட்டைவிரலை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குழுவில் எழுதினால் நீ "அட்மின்" என்ற முறையில் அழித்துவிடுவாய் என்பதால் மையால் எழுதுகிறேன். மொட்டைக் கடிதம் எழுதுவது நம் வம்சத்தில் கிடையாது. கடைசியில் இனிஷியலோடு கையெழுத்தும் போடுவேன்.

முதலில் பழைய பாக்கிகள். உனக்கு ஷெல்டன் என்று பெயர். அக்காவுக்கு ஐவி. நான் பிறந்த நேரத்தில் அப்பாவுக்குத் தமிழ்ப்பற்று வந்து எனக்கு ராஜநாயகம் என்று வைத்துவிட்டார். மூன்று மாதத்தில் பற்று போய்விட்டது, பெயர் போகவில்லை. உனக்குப் பூனைக்கண். எனக்குச் சாதாரணக் கண், அதுவும் கண்ணாடி போட்டது. வரலாற்றில் எம்.ஏ. படித்தவன் நான். பங்குத் திருவிழா மலரில் "எங்கள் ஸ்காட்டிஷ் பாரம்பரியம்" என்று வரலாறு எழுதியது, கப்பல் கம்பெனியில் சரக்கு எண்ணிய நீ. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றுவது உன் வேலை. அதற்கு முந்தின வாரம் போய்க் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, எனக்குப் பதினோரு வயது ஆனதிலிருந்து என் வேலை. அப்பா சொல்லிக்கொடுத்தபடி மேலே ஒரு பூச்சு, ஈரம் ஊறும் என்பதால் அடிப்பக்கம் இரண்டு பூச்சு. அது காய்ந்த பிறகு அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேல் இரண்டு வரிக்கும் கறுப்பு மை தீட்டுவாள். "ஜே. டங்கன், ஸ்காட்லாந்து தேசத்துப் பட்டாளத்தார். மரணம் 1874." அதன் பிறகு வெள்ளை வேட்டியில் நீ வந்து, என் பூச்சில் ஒரு திட்டு விட்டுப்போனதைக் காட்டுவாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா அம்மாவின் கல்லுக்கு வாசகம் கொடுத்ததும் நீதான். அப்பாவின் பெயர், படிப்பு, வேலை, அவர் செயலாளராக இருந்த சங்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே "மற்றும் மனைவி" என்று இருக்கிறது. இடம் போதவில்லை என்றாய். சங்கத்துக்கு இடம் இருந்தது.

சரி, டங்கனுக்கு வருகிறேன். நம் கொள்ளுத்தாத்தா சவரிமுத்துவின் தகப்பனார் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் என்பதைத் தவிர நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது மிகக் குறைவு. செம்பட்டைத் தலைமுடி. குடித்தால் பாடுவார். முதன்முதலில் முருங்கைக்காய் போட்டபோது அதை முழுதாக மென்று விழுங்கப் பார்த்து மூச்சடைத்துப்போனார். அவ்வளவுதான். ஆனால் உன் வாயில் அவர் வளர்ந்துகொண்டே போனார். நான் பள்ளியில் படித்தபோது சிப்பாய். உன் கல்யாணத்தின்போது சார்ஜென்ட். இப்போது கேப்டன். செத்து நூற்றைம்பது வருடம் ஆனவருக்கு இத்தனை பதவி உயர்வு. உயிரோடு இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதுவரை ஒன்று.

நம் குடும்பத்தில் ஒருவரும் உரக்கச் சொல்லாத இன்னொன்றும் நமக்குத் தெரியும். சவரிமுத்துவின் தாயார் வேலம்மா. அடையாற்றங்கரையில் புல் அறுத்துப் பட்டாளத்துக் குதிரைகளுக்கு விற்றவள். ஞானஸ்நானம் வாங்காதவள். அதனால் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே அவளுக்கு இடமில்லை என்று அந்தக் காலத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்கு ஈடாகத்தான் நாம் கல்லறைத் திருநாளன்று உள்ளே எல்லாம் முடிந்த பிறகு மதில் சுவருக்கு வெளியே, ஆற்றுப் பக்கம், தரையில் ஒற்றை மெழுகுவத்தி வைக்கிறோம். "அந்தம்மா மெழுகுவத்தி" என்போம். பெயர் சொல்ல மாட்டோம். போன வருடம் அந்த இடத்தில் கல் பாவி வண்டி நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். நீ மெழுகுவத்தியை உன் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டயர் சூடாகிவிடும் என்று உடனே ஊதி அணைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் டங்கனைத் தேட ஆரம்பித்தது உனக்காக அல்ல. அவர் யாரை எங்கே விட்டுவிட்டு இங்கே வந்தார் என்று தெரிந்தால் இங்கே வேலம்மாவுக்கு என்ன இடம் என்று தெரியும் என நினைத்தேன். ஸ்காட்லாந்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் எடுத்த பழைய மக்கள்தொகைக் கணக்கு முழுவதும் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு கிராமம் முடியும். கல்லில் "ஜே. டங்கன்" என்று இருப்பதால் நம் ஊர் வழக்கப்படி டங்கன் அவர் பெயர், ஜே அவர் தகப்பனார் என்று எடுத்துக்கொண்டேன். ஜான் மகன் டங்கன், ஜேம்ஸ் மகன் டங்கன், ஜோசப் மகன் டங்கன். அந்த நாட்டில் டங்கன் என்று பெயர் வைத்த பிள்ளைகள் நம் லஸ் முனையில் ஆட்டோ நிற்பதுபோல நிற்கிறார்கள். ஒரு டங்கன் ஆடு திருடிச் சிறையில் இருந்தான். ஒரு டங்கன் ஆறு மாதக் குழந்தை. ஒரு டங்கன் எல்லாம் பொருந்தி வந்து, நான் எழுந்து நின்று கும்பிடப்போன சமயம், இரண்டு காலும் இல்லாதவன் என்று அடுத்த வரியில் இருந்தது. அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதினேன். ஒரு முதிய பெண்மணி மிகுந்த மரியாதையோடு, எந்தப் படைப்பிரிவு, என்ன எண் என்று கேட்டுப் பதில் போட்டார். எண் தெரியாது, முருங்கைக்காயை விழுங்கியவர் என்று எழுதினேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை.

நான்கு வருடம் இப்படிப் போன பிறகுதான் ஷில்பாவின் நிச்சயதார்த்தம் வந்தது. உன் ஒரே மகள், எனக்கும் மகள் மாதிரி. குறை சொல்லவில்லை. ஆனால் பேண்டு வாத்தியக்காரர் ஒருவருக்கு ஸ்காட்லாந்து உடை என்று கட்டம் போட்ட பாவாடை கட்டி வாசலில் நிறுத்தியது யார் யோசனை? மாப்பிள்ளையின் பெரியப்பா என் காதருகே குனிந்து, "இன்னா சார், அவரு யாரு, வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம், நேர்த்திக்கடன் என்று சொல்லி வைத்தேன். அப்புறம் சாப்பாட்டுப் பந்தியில், இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்க, என் தேடலைப் பற்றி நீயாகவே பேச்செடுத்தாய்.

"எங்க தம்பி நாலு வருஷமா டங்கன் டங்கன்னு தேடிக்கினு இருக்கான். டேய் மண்டு, வெள்ளைக்காரனுக்கு டங்கன்றது குடும்பப் பேருடா. அவனுங்களுக்கு ஏதுடா அப்பா பேர்ல இனிஷியல்? ஜே தான் அவன் பேரு. ஜேம்ஸ்! ஜேம்ஸ் டங்கன்! எம்.ஏ. ஹிஸ்டரி!"

பந்தி முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். என் இலையில் மட்டன் துண்டு இல்லாதது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெறும் எலும்பு. அது தற்செயல் என்று இன்றுவரை நான் நம்பவில்லை.

ஆனால் நீ சொன்னது சரி என்று எனக்குப் பட்டது, அண்ணே. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வீட்டுக்கு வந்து ஜேம்ஸ் டங்கன் என்று தேடினேன். கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை, அவர் கிடைக்கவே மாட்டார். மக்கள்தொகைக் கணக்கு என்பது வீட்டில் இருப்பவர்களின் கணக்கு. பட்டாளத்தோடு போனவன் அதில் எந்த வருடமும் இருக்க மாட்டான். கிடைத்தது ஜேனட். டண்டீ என்ற ஊர். 1851: ஜேனட் டங்கன், இருபத்து மூன்று வயது, நூற்பாலைக் கூலி, மகள் ஆன், வயது இரண்டு. உறவு நிலை என்ற இடத்தில் "படைவீரர் மனைவி, கணவர் ஜேம்ஸ் இந்தியாவில்". 1861: அதே தெரு, அடுத்த வீடு, "படைவீரர் மனைவி". மகள் ஆலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். 1871: ஜேனட் தனியாக, ஒரே அறையில், "படைவீரர் மனைவி". பத்து வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டிக் கேட்கிறார். அவள் அதே பதிலைச் சொல்கிறாள். 1881-இல்தான் "விதவை" என்று இருக்கிறது. யார் போய்ச் சொன்னார்களோ. அவள் அறுபத்து ஒன்றிலும் எழுபத்து ஒன்றிலும் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்த இடைவெளியில்தான் இங்கே வேலம்மா நம் சவரிமுத்துவைப் பெற்று, டங்கனுக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கங்களை ஷில்பாவிடம்தான் முதலில் காட்டினேன். அடையாறில் அவள் ஆபீசுக்குக் கீழே உள்ள டீக்கடையில் நின்றுகொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். பிறகு, "சித்தப்பா, இந்தம்மா முப்பது வருஷமா ஸ்டேட்டஸே மாத்தல" என்றாள். டீ ஆறிப்போயிருந்தது. எனக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள்.

அன்று மாலையே நான் உன் வீட்டுக்கு வந்து கேட்டது உனக்கு நினைவிருக்கும். புதுக் கல் வைப்பதானால் வை. கேப்டன் என்று போட்டாலும் போடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அடியில் ஒரே ஒரு பெயர் சேர். வேலம்மா. அவ்வளவுதான் கேட்டேன். நீ சொன்னதை வரி பிசகாமல் இங்கே எழுதுகிறேன், பின்னால் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

"இன்னாடா பேசற நீ? ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளுக்கு மாப்ள வீட்டுக்காரங்க வராங்க. அவங்க எதிர்ல, ஆத்தோரம் புல்லு அறுத்தவ பேர கிரானைட்ல வெட்டி வெக்கணுமா? தாலி கட்டினானா அவன்? கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாங்களா?"

"அவ இல்லன்னா நீ ஏது, நான் ஏது?"

"அதுக்கு? என் விசிட்டிங் கார்டுல ஷெல்டன் வேலம்மான்னு போட்டுக்கவா?"

அக்கா நடுவில் வந்தாள். "விட்றா ராஜு. அவளுக்குன்னு தனியா மெழுகுவத்தி ஏத்தறோம்ல?"

"அங்க இப்ப கார் நிக்குது அக்கா."

"கார் மேலயா ஏத்த முடியும்? பக்கத்துல ஏத்துவோம்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். லிஃப்ட் கீழே வருவதற்குள் அக்கா எனக்குக் குழுவில் கைகூப்பும் பொம்மை அனுப்பியிருந்தாள்.

அண்ணே, யோசித்துப் பார். அந்த மனிதன் அங்கே ஒருத்தியை விட்டுவிட்டு வந்தான். இங்கே ஒருத்தியைக் கோயிலுக்கு அழைத்துப் போகாமலே குடும்பம் நடத்தினான். இரண்டு பேரும் அவனுக்காகக் கூலிக்குப் போனார்கள். இரண்டு பேரில் ஒருத்தியை அந்த ஊர் அரசாங்கமாவது பத்து வருடத்துக்கு ஒருமுறை பெயர் கேட்டு எழுதிக்கொண்டது. நம்முடையவளைப் பெயர் கேட்டு எழுதியவர் ஒருவரும் இல்லை. நாம் மூவரும் அவள் வயிற்று வழி வந்தவர்கள். வியாழக்கிழமை கல் தச்சர் பிரபு பழைய கல்லைப் பெயர்க்க வருகிறார். கிரானைட் ஏற்கெனவே மதில் சுவரோரம் இறங்கிவிட்டது. அதில் வேலம்மா என்று நான்கு எழுத்து வெட்ட இன்னும் இடமும் நேரமும் இருக்கின்றன. வெட்டவில்லை என்றால் இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நான் வர மாட்டேன். சுண்ணாம்பும் அடிக்க மாட்டேன். கிரானைட்டுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை என்று நீ சொல்வாய். அதுவும் எனக்குத் தெரியும்.

அண்ணிக்கு என் வணக்கம். ஷில்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சந்தோமையாரின் ஆசீர் என்றும் நிலைத்திருக்க ஜெபிக்கிறேன். ஐவி அக்காவின் சர்க்கரை அளவு இறங்க வேண்டிக்கொள்கிறேன். தங்கள் கோபமும் கூடவே இறங்கட்டும். காவலாளிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இங்ஙனம்,
அன்புள்ள தம்பி

பின்குறிப்பு: கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நடை கல்லறைக்குப் போய் வந்தேன். இன்று வியாழன். மேலே எழுதியதில் பெரும்பகுதி வீணாகிவிட்டது. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், இத்தனை பக்கம் திரும்ப எழுதக் கை வலிக்கும். அதனால் தொடர்ந்து எழுதுகிறேன்.

நான் போனபோது பிரபு கல்லைப் பெயர்ப்பதற்காக அடிப்பக்கத்துச் சுண்ணாம்பை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "இன்னா சார் இது, மேல பத்து பைசா தடிமன்தான் கீது, கீழ இட்லி மாதிரி உப்பிக்கினு கீது. யாரு சார் இப்டி அப்பினது?" என்றார். நான்தான் என்றேன். "நல்லா அப்புன போ" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "சார், அடியில எழுத்து கீது" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். என் முழங்கால் மடங்கிய விதத்தை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். பிரபுவின் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கழுவினேன். மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது, அண்ணே. "மகன் வே. சவரிமுத்து வைத்த கல்."

டங்கனுக்கு "டி." போட்ட டி. சவரிமுத்து இல்லை. நீ திருவிழா மலரில் எழுதியது தப்பு, அப்பா சொன்னதும் தப்பு. வே. தாலி கட்டாத தகப்பனின் கல்லில், கோயில் உள்ளே விடாத தாயின் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் வைத்து வெட்டிவிட்டுப் போயிருக்கிறார் நம் கொள்ளுத்தாத்தா. அவள் மதிலுக்கு வெளியே இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக உள்ளேதான் இருந்திருக்கிறாள். நான்தான் வருடாவருடம் அவள் மேல் இரண்டு பூச்சு அடித்திருக்கிறேன்.

ஆகவே நான் கேட்ட நான்கு எழுத்து வேண்டாம். புதுக் கல்லே வேண்டாம். இன்னொன்று. தன் பெயருக்குத் தாயின் எழுத்தைப் போட்டுக்கொண்டவர் தகப்பனுக்கு "ஜே." என்று எந்தக் கணக்கில் போட்டார் என்று இனி யார் சொல்வது? அது அவர் சொந்தப் பெயராக இருக்கலாம், தகப்பன் பெயராக இருக்கலாம், தாய் பெயராகவும் இருக்கலாம். நீ பந்தியில் சொன்னதும் நிச்சயமில்லை, என் நான்கு வருடமும் நிச்சயமில்லை. அந்த ஜேனட் நமக்கு யாருமே இல்லாமல் போகலாம். இருந்தாலும் அவளைப் பற்றி எழுதியதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாந்தேதி ஒரு மெழுகுவத்தி கூடுதலாக வாங்கி வருகிறேன். ஆம், வருகிறேன்.

பிரபுவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணனைக் கேட்க வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டார். உன் கிரானைட் மதிலுக்கு வெளியே, அந்தம்மாவுக்கு மெழுகுவத்தி வைக்கும் இடத்தில்தான் சாய்ந்து நிற்கிறது. கேப்டன் கொஞ்ச நாள் வெளியே நிற்கட்டும். வண்டி நிறுத்த முடியவில்லை என்று ஒருவர் சத்தம் போட்டார். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கையெழுத்துப் போடுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். பேனாவை எடுத்தேன். இன்னாசிமுத்து மகன் ராஜநாயகம், இத்தனை வருடம் "இ." போட்டே பழக்கம். "மற்றும் மனைவி" என்று நீ வெட்டிவைத்த அம்மாவுக்கு மரியபுஷ்பம் என்று பெயர். "ம." போட்டால் என்ன என்று இப்போதுதான் தோன்றுகிறது. சவரிமுத்துவுக்கு இதை முடிவு செய்ய எத்தனை நாள் ஆயிற்றோ, எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பேனா நின்ற இடத்தில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது, அது மை. உறையின் மேல் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது சுண்ணாம்பு. தெருமுனைத் தபால் பெட்டியைத் திறக்க ஆள் வரும் நேரமாகிவிட்டது. கையெழுத்தில்லாமலே போடுகிறேன்.